திருத்தப்படும்போது தாழ்ச்சி



காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்வதைக் 'கோர்வை' என்கிறோம். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. மரபுப்படி நெசவாளருக்கு அருகில் ஒருவர் துணைக்கு அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். "இழை விட்டுப்போச்சு" என்று அவர் சொன்னால், நெசவாளர் தறியை நிறுத்தி, பிசகிய இடம் வரை பிரித்து, மறுபடியும் நெய்ய வேண்டும். "எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்று மேலே நெய்தால் பிழை சுருளுக்குள் மறைந்துவிடும். ஆனால் சேலையை விரிக்கும் நாளில் அது தெரியாமல் போகாது.

நம் வாழ்வும் இப்படித்தான். அன்பியக் கூட்டத்திலோ, பாடகர் குழுவிலோ, வீட்டிலோ ஒருவர் நம் குறையைச் சொன்னால், "நீ மட்டும் ஒழுங்கா?" என்று கேட்கிறோம். சிலர் அந்த ஒரு சொல்லுக்காக ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறோம்.

திருவிவிலியத்தில் இரண்டு அரசர்கள் ஒரே வகையான பாவத்துக்காகக் கண்டிக்கப்பட்டார்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதை இறைவாக்கினர் நாத்தான் கண்டித்தார். தாவீது தம் பாவத்தை அங்கேயே ஏற்றுக்கொண்டார் (2 சாமு 12). சகோதரனின் மனைவியை வைத்திருந்த ஏரோதைத் திருமுழுக்கு யோவான் கண்டித்தார். ஏரோது அவரைச் சிறையில் அடைத்தான். ஆயினும் யோவானின் பேச்சை அவன் விருப்பத்தோடு கேட்டான் என்கிறார் மாற்கு (6:20). மறையுரையைப் பாராட்டுவது வேறு, அதற்கு ஏற்பத் திருந்துவது வேறு என்பதை நாம் இங்கே கற்றுக்கொள்கிறோம்.

திருத்தூதர்களின் தலைவரான பேதுருவும் திருத்தப்பட்டார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உணவருந்தி வந்த அவர், யூதர் சிலருக்கு அஞ்சி விலகியபோது, பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் (கலா 2:11-14). பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் பேதுருவின் இரண்டாம் திருமுகம் பவுலை அன்புக்குரிய சகோதரர் என்றே குறிப்பிடுகிறது (3:15). கண்டிப்பு அவர்களுடைய உறவை முறித்துவிடவில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

முதலில், உடனே பதில் பேசாமல் இருப்போம். சொன்னவர் யார், எந்தக் குரலில் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, சொன்னது உண்மையா என்று இறைவன் திருமுன் அமர்ந்து பார்ப்போம். உண்மை இல்லை என்றால் அமைதியாக விளக்குவோம். உண்மை என்றால் ஏற்றுக்கொண்டு நன்றி சொல்வோம், ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுவோம்.

திருத்துகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் பேசும்படி ஆண்டவர் கற்பித்தார் (மத் 18:15). தெருவில் சொல்லப்படும் குறை திருத்தமாகாது, தூற்றலாகிவிடும்.

இழையைப் பிரிப்பதில் நெசவாளருக்கு அவமானம் இல்லை. அவர் சேலையை மதிக்கிறார், அதனால் பிரிக்கிறார். நம்மைத் திருத்துகிறவரும் நம் ஆன்மாவை மதிப்பவரே.

இறைவா, எங்கள் குறையைச் சொல்லும் அன்பர்களை எங்களுக்குத் தாரும். அவர்களைப் பகைக்காத இதயத்தையும் தாரும். ஆமென்.