அரசு தரும் இலவசத் தொழிற்பயிற்சி: எட்டாம் வகுப்புச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள்

படாளத்துக்கு வடக்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலைநகர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஐடிஐ முடித்தவர் அங்கே தொழில் தெரிந்தவராகச் சேரலாம். சான்றிதழ் இல்லாதவருக்குப் பெரும்பாலும் உதவியாளர் வேலைதான். இந்தச் சான்றிதழை அரசே கட்டணமின்றிப் படிக்க வைத்துத் தருகிறது.

என்ன கிடைக்கும்?

செங்கல்பட்டில் உள்ளது போன்ற அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, பாடநூல், பஸ் பாஸ் ஆகியவையும் உண்டு. 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மேலும் ரூ.1,000 மாதந்தோறும் கிடைக்கும்: மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024).

யார் சேரலாம்?

* ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் (2 ஆண்டு): பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.
* வெல்டர் (1 ஆண்டு), வயர்மேன் (2 ஆண்டு): எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கு 2014இல் தொடங்கப்பட்ட தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் குறுகிய காலப் பயிற்சிகள் உள்ளன. 15 முதல் 35 வயது வரை சேரலாம். அதன் இலக்கில் 15 விழுக்காடு சிறுபான்மையினருக்கு உரியது.

மதரஸா மாணவர்கள்

ஹிஃப்ழுக்காகப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைக்குத் திறமை இருந்தும், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐடிஐயில் இடம் கிடைக்காமல் போகிறது. இதற்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பும் முடிக்கலாம். ஓதிக்கொண்டே இவற்றை எழுத முடியும்.

கவனம் தேவை

அரசு ஐடிஐ இடங்கள் மதிப்பெண், இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. “சீட் வாங்கித் தருகிறேன்” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தனியார் நிலையம் என்றால், அந்தத் தொழிற்பிரிவுக்கு என்சிவிடி அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் ஐடிஐ சான்றிதழுக்கு ஈடாகாது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை ஒட்டி விண்ணப்பங்கள் பெறப்படும். அந்த நாட்களில் ஜுமுஆவுக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்து, விண்ணப்பிக்கத் தெரிந்த ஓர் இளைஞரைப் பள்ளிவாசலில் அமர்த்துவது ஒவ்வொரு ஜமாஅத்தாலும் முடியக்கூடிய காரியம்.