கீற்றுக் கூரையும் கல்வீட்டு விதியும்

மார்கழி பிறந்துவிட்டால் புயல் பயம் தீர்ந்தது என்று எங்கள் பாகூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 2011ஆம் வருஷம் டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே, அதாவது நம் தலைக்கு நேரே, கரை ஏறியது. சவுக்குத் தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. கீற்று வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய சரித்திரம் படித்தவர்களுக்கு மார்கழிப் புயல் புதிது இல்லை. 1760 டிசம்பர் 31 இரவு இதே கரையில் ஒரு பெரும்புயல் அடித்தது. அப்போது ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் புதுச்சேரியை முற்றுகை போட்டிருந்தார். வில்லியனூர்க் கோட்டையை ஜூலை மாதமே பிடித்தாகிவிட்டது. கடலில் கப்பல்கள், தரையில் கூடாரங்கள். ஒரே ராத்திரியில் மூன்று கப்பல்கள் மூழ்கின, மூன்று கப்பல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் மோதி உடைந்தன. மூழ்கிய கப்பல்களில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் மாண்டார்கள். தரையில் ஒரு கூடாரம்கூட நிற்கவில்லை. அப்படியும் இரண்டு வாரத்தில் புதுச்சேரி சரணடைந்தது. உள்ளே தின்னச் சோறு இல்லை.

சரித்திரப் புத்தகங்களில் கப்பல் கணக்குதான் பெரிதாக இருக்கும். எனக்கு மனதில் நிற்பது அதற்கு ஒரு மாதம் முந்திய சங்கதி. நவம்பர் கடைசியில், சரியான அடைமழைக் காலத்தில், உணவு போதாது என்று பிரெஞ்சுத் தளபதி லாலி நம் ஜனங்கள் சுமார் 1,400 பேரை, பெண்டு பிள்ளைகளோடு, நகரத்தை விட்டு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் வழி விடவில்லை. திரும்பிப் போனால் பிரெஞ்சுக்காரர் உள்ளே விடவில்லை. கோட்டைக்கும் முற்றுகைக்கும் நடுவே வெட்டவெளியில் எட்டு நாள் கிடந்தார்கள். புல்லின் கிழங்கைப் பிடுங்கித் தின்றார்களாம். பிறகுதான் கூட் வழி விட்டார். தலைக்கு மேல் ஒரு ஓலை இல்லாமல் கார்த்திகை மழையில் எட்டு நாள்!

இந்த இரண்டு புயலுக்கும் நடுவே ஒரு நாள் குறைவாக 251 வருஷம். பிரெஞ்சுக்காரர் ஆட்சி போய், 1954 நவம்பர் 1ல் நாம் இந்தியாவோடு சேர்ந்து, கொம்யூன் என்ற பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆட்சி எதுவானாலும் வயலில் வேலை செய்தவன் வீடு மண் சுவர், மேலே கீற்றோ பனையோலையோ விழலோ என்றுதான் நெடுங்காலம் இருந்தது.

அந்த வீட்டைக் கட்டவும் விதிகள் இருந்தன. அதை எழுதிவைத்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் கீற்று அழுகும். கீற்றைக் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித்தான் கட்ட வேண்டும். இறவாணம் மார்பளவுக்கு இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். இதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், 'ஏன் இப்படிக் குகை மாதிரி கட்டுகிறார்கள்' என்று கேட்பார்கள். தாழ்ந்த இறவாணம் இருந்தால் காற்று அடியில் நுழைந்து கூரையைத் தூக்காது, மழைச் சாரல் மண் சுவரைக் கரைக்காது. சவுக்குக் கம்பில் கைமரம், குறுக்கே மூங்கில் வரிச்சு, எல்லாம் கயிற்றுக் கட்டு. ஆணி அடித்தால் காற்றில் மரம் பிளக்கும், கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆடிக் காற்று ஓய்ந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில் கூரை மேய்ந்துவிட வேண்டும். கையில் காசு இல்லாத வருஷம் பழைய கீற்றின் மேலேயே நாலு புதுக் கீற்றைச் செருகிச் சமாளிப்பார்கள். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் தோகையைப் போட்டு மேய்ந்த வீடுகளும் உண்டு.

பெரும்புயலில் இந்தக் கூரை போகும். போனாலும், தலையில் விழுந்து ஆளைக் கொல்வது அபூர்வம். மறு வாரம் நாலு பேர் சேர்ந்தால் திரும்பக் கட்டிவிடலாம். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ அப்படி இல்லை. தானே புயலில் பறந்த தகரங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடிசையை நான் புகழ்ந்துகொண்டே போவதாக நினைக்காதீர்கள். அதற்குப் பெரிய எதிரி நெருப்பு. சித்திரை, வைகாசியில் ஒரு வீட்டில் பொறி பறந்தால் ஒரு தெருவே போகும். 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றே கூடாது என்று அரசாங்கம் இறங்கியதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. குடிசையை ஒழித்துக் கல்வீடு கொடுக்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். என் சண்டை அந்த ஆசையோடு இல்லை. அது விதியாக மாறியபோது நடந்த கூத்தோடுதான்.

மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985ல் தொடங்கியது. நம் புதுச்சேரியில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் கல்வீட்டுத் திட்டம் வந்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், ஆட்சி மாறியதும் 2011ல் 300 சதுர அடியில் பசுமை வீடு, தானே புயலுக்குப் பிறகு குடிசைகளுக்கென்று தனியாக ஒரு திட்டம், இப்போது 360 சதுர அடியில் கலைஞர் கனவு இல்லம். பெயர் மாறும், சதுர அடி மாறும், தொகை மாறும். மாறாதது பணம் வரும் முறை. பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் உயரம் வந்தால் ஒரு தவணை, சென்ட்ரிங் பிரித்துக் கூரை முடிந்தால் மீதி. அரசாங்கப் பணம் குடியிலும் கடனிலும் கரைந்துவிடக் கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடு. கணக்கு எழுதுகிறவனுக்கு இது சரி. ஆனால் வீடு அடியிலிருந்து மேலே போகிறது, மழை மேலிருந்து கீழே வருகிறது. ஒதுங்க இடம் தருவது கடைசித் தவணை மட்டும்தான்.

இன்னொன்று, பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஒரே மனை. குடிசையைப் பிரித்தால்தான் அதே இடத்தில் அஸ்திவாரம் தோண்ட முடியும். பிரித்துவிட்டு எங்கே போவது என்பதற்கு எந்த விதியிலும் வரி கிடையாது. பட்டா இல்லாமல் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடியிருந்தவர்கள் பேச்சு தனி. எல்.ஜி.ஆர். பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுத்தே கை ஓய்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் அரசு வேலையில் டேப் பிடித்து அளந்து, எம்.புக்கில் எழுதிய ஆள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் ஆபீசும் வேண்டாம். கூலி வேலை செய்யும் ஒரு அம்மா, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். லிண்டல் வரைக்கும் சுவர் ஏற்றிவிட்டார். தவணை வரவில்லை, ஐப்பசி வந்துவிட்டது. சுவர் மேல் குறுக்கே நாலு சவுக்குக் கம்பைப் போட்டு, பிரித்த குடிசையின் பழைய கீற்றையே பரப்பி, உள்ளே குடியிருந்தார். நான் அளந்து எழுதிவிட்டேன், லிண்டல் மட்டம் முடிந்தது என்று. போட்டோ எடுக்க வந்தவர் முடியாது என்றார். கீற்று தெரிந்தால் மேலே குடிசை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். "லிண்டல் தெரியணும், மேல ஒண்ணும் இருக்கக் கூடாது."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார் இது, மழைக்குப் போட்டோ தெரியுமா?"

நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் சேர்ந்து கீற்றை இறக்கினோம். இரண்டு பிள்ளைகளும் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். போட்டோ எடுத்தாயிற்று. மறுபடி ஏற்றினோம். ஏற்றும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. காய்ந்த பழைய கீற்று, இறக்கி ஏற்றியதில் பாதி நொறுங்கிப் போயிருந்தது. தவணைப் பணம் தை பிறந்துதான் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் கூரை என்று இருந்தது அந்த நொறுங்கிய பாதிதான்.

சரி, கல்வீடு முடிந்து குடியேறியாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைவலி புகை. கீற்றுக் கூரையில் அடுப்புப் புகை தானாகக் கசிந்து வெளியே போகும், போகிற வழியில் கூரையில் இருக்கும் பூச்சியையும் விரட்டும். இருநூறு சதுர அடி கான்கிரீட் அறைக்குள் விறகு அடுப்பு வைத்தால் புகை எங்கே போகும்? இந்திரா குடியிருப்பு வீடுகளில் புகையில்லா அடுப்பு இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். விதி இருந்தது, அடுப்பு இருந்த வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் எல்லோரும் செய்தது ஒன்றே. கல்வீட்டை ஒட்டிப் பின்பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. சமையல் அங்கே, வெயில் காலத்தில் பகல் தூக்கமும் அங்கே. பீரோ, டிவி, அரிசி மூட்டை எல்லாம் கல்வீட்டுக்குள்ளே.

என் பேரன் கம்ப்யூட்டரில் 'வால்ஹைம்' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறான். ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி 2021ல் வெளியிட்டது. காட்டில் தனியாக வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். ஒரு நாள் கத்திக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டேன். படுத்துத் தூங்க மேலே கூரையும் வேண்டும், பக்கத்தில் தீயும் எரிய வேண்டுமாம். எல்லாப் பக்கமும் அடைத்தால் புகை சேர்ந்து ஆள் சாகிறான். முகட்டில் ஓட்டை விட்டால் மழை இறங்கி நெருப்பு அணைகிறது. "முட்டாள் ரூல் தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய கொள்ளுப்பாட்டிக்கு அந்த ரூல் அத்துப்படி. முகட்டுக்கு மேலே தனியாக ஒரு சின்னக் கூரையைத் தூக்கிக் கட்டச் சொன்னேன். புகை இரண்டு பக்கமும் போகும், மழை இறங்காது. கட்டிப் பார்த்தான், தூங்க முடிந்தது.

நம் ஊர் நிலவரத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வில்லியனூரும் பாகூரும் தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கின்றன. விழுப்புரம் பஸ்ஸில் போனால் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் அவர்களுடையது, மதகடிப்பட்டு மறுபடி நம்முடையது. 1749 வாக்கில் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த ஊர்களின் எல்லை இன்றைக்கும் நம் வீட்டுக் கூரையைத் தீர்மானிக்கிறது. தானே புயலுக்குப் பிறகு கடலூர், விழுப்புரம் பக்கத்துக் குடிசைகளுக்கு அவர்கள் திட்டம், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம் திட்டம். காற்று ஒன்று, கணக்கு இரண்டு. அக்கா அந்தப் பக்கமும் தங்கை இந்தப் பக்கமும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்களில், யாருக்கு எத்தனை சதுர அடி என்பதே ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

பிறகு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. இது காற்றைவிட மழைப் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்துக்குக் குடிசையிடம் பதில் கிடையாது, மண் சுவர் கரைந்து உட்கார்ந்துவிடும். அப்போது ஜனங்களைக் காப்பாற்றியது மொட்டை மாடி. திட்டத்தில் கட்டிய சின்ன வீடுதான், சுவர் பூச்சுகூட முடியாத வீடுதான். ஆனாலும் ஏறி நிற்க ஒரு கான்கிரீட் தளம் இருந்தது. கல்வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் ஏன் அத்தனை அலைச்சலையும் பொறுத்துக்கொண்டார்கள் என்பது அன்றைக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு சுற்றுப் போய்வந்தேன். கல்வீடுகள் நின்றன, கொட்டகைகள் போய்விட்டன. பெண்கள் அதற்குள் செங்கல் கூட்டி வெளியே சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் புதுக் கீற்று இறங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தேன், கீற்று கிடைக்கிறது, ஒழுங்காக முடைய ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். விழல் பேச்சையே காணோம். பாகூர் ஏரியிலும் ஊசுடு ஏரியிலும் விழல் அறுத்து வண்டியில் ஏற்றி வந்த நாட்கள் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், எந்த மாதத்தில் அறுத்தார்கள், ஒரு கூரைக்கு எத்தனை கட்டு பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் சேர்த்துவிடுகிறேன்.