கோணேசர் கல்வெட்டிற் பொறுப்புப் பகிர்வு

பலர்க்கும் பொதுவாகிய ஒரு கணினியமைப்பிலே, அதனைத் திருத்தவும் அழிக்கவும் வல்ல நிருவாகியுரிமையை யார் கையிற் கொடுப்பது என்னும் வினா இன்றைய வினாப்போலத் தோன்றும். ஆயின், பொதுச்சொத்து உள்ள இடமெங்கும் அஃது எழுந்தேயிருக்கின்றது. நம் திருகோணமலையில் அதற்கு விடைகூறும் நூல், கவிராச வரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. ஏட்டில் எழுதிக் காக்கப்பட்டதாகும்.

கோணேசர் கோயிற்றிருப்பணி செய்தவனும் கந்தளாய்க் குளம் கட்டியவனுமாகக் கூறப்படும் குளக்கோட்டனது காலம் பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். ஈண்டு நமக்கு வேண்டுவது காலமன்று, அவன் வகுத்ததாக நூல் உரைக்கும் ஒழுங்கேயாம். மருங்கூரிலிருந்து தானத்தாரையும் காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும் வருவித்துக் குடியேற்றினான். முன்னவர்க்குக் கோயில் நிருவாகம், பின்னவர்க்குத் தொழும்புகள். வேலையைப் பகிர்தல் எளிது. பகிர்ந்தோர் பிணங்கின் தீர்ப்பவர் யார்? அரசன் இதனையும் எண்ணினான். மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பவனை அழைத்து, வழக்குத் தீர்க்கும் உரிமையும் தண்டிக்கும் உரிமையும் கொடுத்து, வன்னிபமாக நிறுத்தினான் என்கின்றது நூல். தீர்ப்பவன் மருங்கூரானுமல்லன், காரைக்காலானுமல்லன் என்பது நோக்கத்தக்கது.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞராகிய சால்ட்சர், சுரோடர் என்னும் இருவர் கணினிப் பாதுகாப்புப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இத்தகைய கருத்தே காணப்படும். ஒருவர்க்கு அவர் தொழிலுக்கு வேண்டிய அளவே உரிமை தருக என்றும், இரு திறவுகோல் வேண்டும் பூட்டே ஒரு திறவுகோற் பூட்டினும் உறுதியானது என்றும் அவர்கள் கூறினர். எனினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. குளக்கோட்டன் வகுத்த உரிமை குடிவழி வருவது. தந்தை திறமையுடையவனாயின் மகனும் அவ்வாறே இருப்பான் என நம்பியது. கணினியில் உரிமை கொடுத்தவர், பணி முடிந்தவுடன் அதனைத் திரும்பப் பெறவும் வல்லர். கோயிலொழுங்கின் குறை இதுவே என்பது என் கருத்து.

ஆயினும் குடிவழியே அதனைக் காத்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 1620களிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பூட்டும் போயிற்று, பண்டாரமும் போயிற்று. எனினும் தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் கோயில் எழுந்தபோது, தொழும்புரிமை பூண்ட குடிகள் தத்தம் பணியை அங்கே மீளத் தொடங்கினர்.