பஞ்ச சயனமும் ஜமுனாமரத்தூர்க் குளிரும்

ஜவ்வாது மலையில் வேலை பார்த்த காலத்தில், மார்கழி வந்தால் எனக்கு இரண்டு வகைப் பஞ்சு வேண்டியிருந்தது. கீழே விரிக்க இலவம்பஞ்சு மெத்தை. மேலே போர்த்திக்கொள்ள, பருத்திப் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜமுனாமரத்தூருக்குப் போன முதல் வருடம் சிக்கனம் பார்த்து, பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து அதையே ரஜாயாகத் தைக்கச் சொன்னேன். "வேண்டாம் சார், நிக்காது" என்றார் தையல்காரர். நான் கேட்கவில்லை. பத்தே நாளில் பஞ்செல்லாம் கால்மாட்டில் போய்ச் சேர்ந்தது. நெஞ்சுக்கு மேல் வெறும் துணிதான். தையல் ஓட்டை வழியே வந்த இழை மூக்கில் ஏறி, விடிய விடியத் தும்மல்.

காரணம் இழையிலேயே இருக்கிறது. பருத்தி இழை காய்ந்ததும் நாடா போல முறுக்கிக்கொள்ளும். ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நூலாகவும் திரிக்கலாம், தகடாகப் பரப்பியும் தைக்கலாம். இலவம் இழை நேரான, வழுவழுப்பான குழல். உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. பற்றாது. ஆனால் லேசு, தண்ணீரும் எளிதில் ஏறாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதை அடைத்தார்கள். 1942-இல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்றது. நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்க வைத்தார்கள். பழத்துக்காக இலவு காத்த கிளி ஏமாந்தது; அவர்கள் காத்தது பஞ்சுக்கு!

பராமரிப்பும் வேறு வேறு. பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கட்டி தட்டும். அப்போது பஞ்சுகொட்டி வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நாணைச் சுண்டியபடி வருவார்களே, நினைவிருக்கிறதா? அரை நாள் அடித்தால் பழைய பஞ்சு புதுசாகப் பொங்கும். நற்றிணையிலேயே கடல் அலையின் பிசிருக்கு உவமையாக வில்லடித்த பஞ்சு வருகிறது என்றால், இந்தத் தொழிலின் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சை அப்படி அடிக்கக் கூடாது, ஒடிந்து தூளாகிவிடும். வெயிலில் காயவைத்தால் போதும், தானே உப்பும்.

திருப்பாவையின் 19-ஆம் பாசுரத்தில் பஞ்ச சயனம் வருகிறது. அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்று ஐந்து குணங்களைச் சொல்வோர் உண்டு. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்று ஐந்து பொருள்களைச் சொல்வோரும் உண்டு. என் கட்சி இரண்டாவது. தும்மித் தும்மிக் கற்றவன் அப்படித்தான் சொல்வான். இலவையும் பருத்தியையும் தனித்தனியாக எண்ணியவர்கள் இரண்டின் மேலும் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது வீட்டில் எல்லாமே நுரை மெத்தை. இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று மட்டும் என்னுடையது. பங்குனி வெயிலில் மாடியில் போட்டு எடுக்கிறேன். இரண்டாவது வருடம் ஒழுங்காகத் தைத்த பருத்தி ரஜாய் பரணில் கட்டி தட்டிக் கிடக்கிறது. போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர்ப் பக்கம் வில் வைத்துப் பஞ்சு அடிப்பவர் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மார்கழிக்குள் கொடுத்து வாங்க வேண்டும்.