சின்னம் வரை மட்டும்: காவேரிப்பட்டினத்து உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகளின் இடம்

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே தென்பெண்ணையாற்றின் கரையில், மாந்தோப்புகளும் மாம்பழக்கூழ் ஆலைகளும் சூழ அமைந்துள்ள காவேரிப்பட்டினம் ஒரு பேரூராட்சி. அதே பெயரைக் கொண்ட ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. இந்த இரட்டை நிலையால், உள்ளாட்சித் தேர்தலில் அரசியல் கட்சிக்குரிய இடம் எது என்ற கேள்விக்குச் சட்டம் அளித்துள்ள வெவ்வேறு விடைகளை இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் ஒருசேரக் காண முடிகிறது. பேரூராட்சி எல்லைக்குள் வாழும் வாக்காளர் தம் வார்டு உறுப்பினரை உதயசூரியன், இரட்டை இலை போன்ற கட்சிச் சின்னங்களைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார். எல்லையைத் தாண்டியதும் தொடங்கும் கிராம ஊராட்சியிலோ வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டிலும் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும் எந்தக் கட்சியின் சின்னமும் இடம்பெறுவதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்களே வேட்பாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அதே வாக்காளருக்கு அதே சாவடியில் தரப்படும் பச்சைச் சீட்டிலும் மஞ்சள் சீட்டிலும், அதாவது ஒன்றியக் குழு உறுப்பினருக்கும் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கும் உரியவற்றில், கட்சிகள் மீண்டும் வந்துவிடுகின்றன.

இந்தப் பாகுபாடு அரசியலமைப்பில் எழுதப்பட்டதன்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு, தனித்த மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கினவே தவிர, உள்ளாட்சியில் கட்சிகள் போட்டியிடலாமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கட்சிகளை அங்கீகரித்துச் சின்னங்களை ஒதுக்குவதற்காக இந்தியத் தேர்தல் ஆணையம் 1968இல் பிறப்பித்த ஆணையும் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே, உள்ளாட்சிச் சின்னங்களை மாநிலத் தேர்தல் ஆணையம் தன் ஆணைகளின் வழியாகவும் மாநில அரசின் தேர்தல் விதிகளின் வழியாகவும் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதற்கும், ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஊரின் தகுதியை ஒட்டி விதி மாறுவதற்கும் இந்த மௌனமே காரணம்.

நகராட்சி மன்றங்கள் தோன்றிய காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. 1882ஆம் ஆண்டின் ரிப்பன் தீர்மானமும் அதைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வரி செலுத்துவோரில் ஒரு சிறு பகுதியினருக்கே வாக்குரிமை அளித்தன. தேர்ந்தெடுக்கப்பட்டோர் வழக்கறிஞராகவோ வணிகராகவோ நிலக்கிழாராகவோ, தம் சொந்தச் செல்வாக்கால் அறியப்பட்டவர்களாகவே இருந்தனர். காவேரிப்பட்டினமும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானபோது அது ஒரு வழக்கறிஞருக்குக் கிடைத்த நகர மதிப்பாகவே கருதப்பட்டது. கட்சி ஒன்றின் வெற்றியாக யாரும் அதைக் கணக்கிடவில்லை. நீதிக்கட்சியின் எழுச்சிக்குப் பின்னரே மன்றங்களுக்குள் அணிகள் தெளிவாகப் பிரிந்தன. முப்பதுகளில் காங்கிரஸ் உள்ளாட்சித் தேர்தல்களில் தன் பெயரிலேயே இறங்கி, 1939இல் சத்தியமூர்த்தியைச் சென்னை மேயராக்கும் அளவுக்கு வலுப்பெற்றது. எழுத்தறியாத வாக்காளருக்குக் கட்சியை அடையாளம் காட்டும் தேவையும் அப்போதே உணரப்பட்டது. 1937ஆம் ஆண்டின் மாகாண சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு வாய்த்த மஞ்சள் வாக்குப்பெட்டி, பின்னாளில் வந்த சின்னத்தின் முன்னோடி எனலாம்.

விடுதலைக்குப் பின் கிராமத்துக்கும் நகரத்துக்கும் வழிகள் பிரிந்தன. கிராமத்தைக் கட்சிப் பூசலிலிருந்து காக்க வேண்டும் என்ற காந்திய எண்ணமும், கட்சிசாரா மக்களாட்சி குறித்து ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்வைத்த கருத்தும் வலுவாக இருந்த காலத்தில்தான் 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் உருவாயிற்று. மறுபுறம், 1959ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சித் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 100 இடங்களில் 45ஐக் கைப்பற்றி அ.பொ. அரசுவை மேயராக்கியது, சட்டமன்றத்துக்குச் செல்லும் பாதை நகர மன்றத்தின் வழியாகவும் அமையும் என்பதை எல்லாக் கட்சிகளும் அப்போது கண்டுகொண்டன. 1978இல் அறிக்கை அளித்த அசோக் மேத்தா குழு, கட்சிகள் மறைமுகமாக இயங்குவதைவிட வெளிப்படையாகப் பங்கேற்பதே மேல் என்று கருதி, ஊராட்சிகளின் எல்லா நிலைகளிலும் அவற்றை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அப்பரிந்துரையைப் பாதியளவே ஏற்றது என்பதற்கு மேலே கூறிய நான்கு நிறச் சீட்டுகளே சான்று. உலகின் பிற பகுதிகளிலும் இந்த ஊசலாட்டம் இருந்தது. கட்சிப் பெருந்தலைகளின் ஊழலால் சலிப்புற்ற அமெரிக்க நகரங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத் தேர்தல் சீட்டிலிருந்து கட்சிப் பெயரையே நீக்கின. தமிழ்நாட்டில் அப்படியொரு முயற்சி கிராமத்தைத் தாண்டி வரவில்லை.

காவேரிப்பட்டினம் போன்ற பேரூர்களோ இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே சிக்கின. நகரப் பஞ்சாயத்து என முன்பு வழங்கிய பேரூராட்சி 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1994ஆம் ஆண்டின் புதிய ஊராட்சிகள் சட்டத்துடன் அது நகராட்சிச் சட்டத்தின் பக்கம் நகர்ந்து, 1996ஆம் ஆண்டுத் தேர்தலை நகர்ப்புற அமைப்பாகவே சந்தித்தது. 2004இல் தமிழக அரசு பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. கிராமங்களுக்கு மத்திய அரசு வழங்கும் நிதியைப் பெறுவதே அதன் நோக்கம். 2006இல் ஆட்சி மாறியதும் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின; அவ்வாண்டு அக்டோபரில் தேர்தலும் நடந்தது. ஊரின் மக்களோ தெருக்களோ மாறவில்லை. ஆனால் நிதிக்காகச் செய்யப்பட்ட ஒரு வகைமாற்றம், அவ்வூர் கட்சிச் சின்னத்தில் வாக்களிக்க வேண்டுமா என்ற அடிப்படைக் கேள்வியையும் தன்னோடு இழுத்துச் செல்லக்கூடியதாக இருந்தது. கட்சியின் இடம் கொள்கை அடிப்படையில் முடிவு செய்யப்படாமல் ஊரின் வகைப்பாட்டை ஒட்டியே முடிவாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

கட்சியின் வேட்பாளர் பட்டியலைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது என்பது அடுத்த செய்தி. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புறத் தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வாரியாக நீண்ட பட்டியல்களை வெளியிட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்பட்டியல் இல்லை. ஒவ்வொரு வார்டும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி என்பதால் ஒவ்வொருவரும் தனித்தனியே மனு செய்து, பேரூராட்சியானால் 1,000 ரூபாயும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அதில் பாதியும் வைப்புத்தொகையாகக் கட்டி, தேர்தல் அலுவலர் முன் தனி மனிதராகவே நிற்கின்றனர். கட்சி தலைகாட்டுவது ஓரிடத்தில்தான்: இன்ன வார்டில் இன்னார் எங்கள் வேட்பாளர் என்று அதன் அதிகாரம் பெற்ற பொறுப்பாளர் கையொப்பமிட்டுத் தரும் படிவத்தில். அப்படிவம் வந்தால் சின்னம் கிடைக்கிறது; வராவிட்டால், கட்சிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவரும் சுயேச்சையாகிறார். வேட்பாளரைக் கட்சி எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும், உள்ளூர்க் கிளையைக் கலந்தாக வேண்டுமா என்பன போன்றவற்றில் விதி தலையிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் திருத்தத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனாலும் அது வார்டின் மீது விழும் கடமையே, கட்சியின் மீது விழுவதன்று. பெண்களுக்கு ஒதுக்கப்படாத வார்டுகளில் ஒரு பெண்ணையும் நிறுத்தாத கட்சியைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

இலங்கையின் முறை இதற்கு நேர்மாறானது. அங்கு விகிதாசார முறை வந்தது முதல் கட்சியோ சுயேச்சைக் குழுவோ மன்றத்துக்குரிய முழுப் பட்டியலையும் ஒரே வேட்புமனுவாகக் கையளிக்க வேண்டும். தனியொருவர் சுயேச்சையாக நிற்க வழியில்லை, குழுவாகவே நிற்க முடியும். 2017ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 60 விழுக்காடு உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 விழுக்காட்டினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர்; பெண்களுக்கான 25 விழுக்காட்டை நிறைவு செய்வது பட்டியல் தருபவரின் பொறுப்பு. யாழ்ப்பாணம் மாநகர சபைக்கு வாக்களிப்பவர் ஒரு கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரே புள்ளடியை இடுகிறார். இம்முறையின் கடுமை பட்டியலின் குறைகளில் வெளிப்படுகிறது: 2025 மார்ச்சில் ஆவணக் குறைகளுக்காகப் பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, வழக்குகள் தொடரப்பட்டன. கட்சிக்கு அதிகாரம் தரும் சட்டம் அதனிடம் பொறுப்பையும் கேட்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமோ இரண்டையும் சின்னத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

சின்னத்தோடு நிறுத்திக்கொள்வதன் விளைவு மன்றத் தலைவர் தேர்தலில்தான் முழுமையாகத் தெரிகிறது. 1996, 2001, 2011ஆம் ஆண்டுகளில் தலைவர்களையும் மேயர்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை வந்தது. 2019 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் மீண்டும் மறைமுக முறையையே நிலைநாட்டியது. ஆளும் கட்சியின் கணக்குக்கு ஏற்ப விதி மாறிவந்துள்ளது என்ற குற்றச்சாட்டை இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஓசூர் மாநகராட்சியின் 45 வார்டுகளிலும் 2022இல் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், சுயேச்சைகளின் வாக்குக்கும் கூட்டணிக் கட்சிகளின் வாக்குக்கும் பெருமதிப்பு உண்டாயிற்று, அங்கு மார்ச் 4 அன்று தி.மு.க.வின் எஸ்.ஏ. சத்யா மேயரானார். அதே நாளில் மாநிலத்தின் பல ஊர்களில், கூட்டணிக் கட்சிகளுக்கென தி.மு.க. தலைமை ஒதுக்கியிருந்த பதவிகளில் தி.மு.க.வினரே போட்டியிட்டு வென்றனர். அவர்கள் உடனே பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைவரும் முதலமைச்சருமான மு.க. ஸ்டாலின் அறிக்கை வெளியிட நேர்ந்தது. கட்சியிலிருந்து நீக்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணையிலுள்ள கட்சித் தாவல் தடை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமே பொருந்தும். தமிழ்நாட்டின் உள்ளாட்சி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் அத்தகைய சட்டம் ஏதும் இல்லை.

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாநில எல்லையைக் கடந்தால் நிலை வேறு. கர்நாடகம் 1987இலேயே உள்ளாட்சி உறுப்பினர்களுக்கான கட்சித் தாவல் தடைச் சட்டத்தை இயற்றியது. கட்சியின் உத்தரவை மீறி வாக்களிக்கும் ஆனேக்கல் நகரசபை உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். கேரளமும் 1999இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றை அப்படியே படியெடுத்தால் தமிழ்நாட்டின் சிக்கல் தீரும் என்று கருதுவது பிழை. கர்நாடக மன்றங்களில் மேயர் தேர்தல் கையை உயர்த்தி வெளிப்படையாக நடைபெறுகிறது. தமிழ்நாட்டிலோ தலைவரை உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கின்றனர். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியாத இடத்தில் கட்சி உத்தரவை மீறியவரைக் கண்டறிய இயலாது. ஆகவே தடைச் சட்டமும் அங்கு வெறும் எழுத்தாகவே நிற்கும். வாக்காளரிடம் சின்னத்தைக் காட்டி வாக்குப் பெற்றவர், அச்சின்னத்துக்கு மாறாக மன்றத்தில் நடந்துகொண்டாரா என்பதை அந்த வாக்காளர் அறியும் உரிமை, உறுப்பினரின் இரகசியத்தைவிடப் பெரியது. மறைமுகத் தேர்தலே தொடருமாயின் வாக்கெடுப்பை வெளிப்படையாக்குவதே முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம். அதைச் செய்ய மனமில்லையெனில் 1996இல் இருந்ததுபோல் காவேரிப்பட்டினத்தின் தலைவரைக் காவேரிப்பட்டினத்தின் வாக்காளர்களிடமே விட்டுவிடலாம். ஆனால் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்கு மாற்றாக 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழும் பேரூராட்சித் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர்.