பெரட்டுக்கு முந்தைய இருள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் நாளின் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கியதற்கு நிர்வாகத்தின் கண்டிப்பு மட்டுமே காரணமன்று. மரத்தின் இயல்பே முதற்காரணம். இரவில் இலைகளின் வழியே நீர் வெளியேறுவது குறைவதால், பட்டைக்குள் ஓடும் பால்குழல்களின் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தை எட்டுகிறது. வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் தளர்ந்து, வெட்டுக்கோட்டில் வழியும் பால் விரைவில் நின்றுவிடுகிறது. ஆகவே நிறையப் பால் வேண்டுமென்றால் மனிதர்கள் இருட்டிலேயே எழுந்தாக வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டில் மரத்தின் இரவு நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டது. அதை வெட்டியவரின் இரவு அப்படிக் கணக்கிடப்படவில்லை.

1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் ஒரே கோட்டில் பட்டையை மெல்லிதாகச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். அந்தச் சீவலுக்குத் தேவைப்பட்ட கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தன. ஆள் கணக்கெடுத்து மரநிரை பிரித்துக் கொடுக்கும் காலைக்கூட்டமே பெரட்டு. அது கூடும்போது பொழுது புலர்ந்திருக்காது. மேற்பார்வையாளரான கங்காணி பெயர் கூப்பிடுவதற்கு முன்பாகவே பெண்கள் எழுந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி, தூங்கும் குழந்தையைத் தூக்கி ஆயாக்கொட்டகையில் விட்டாக வேண்டும். ஆகையால் லயம் எனப்படும் ஒரே வரிசைவீட்டில் வாழ்ந்தும் பெண்ணின் இரவு ஆணின் இரவைவிடக் குறுகியதாகவே இருந்தது.

அந்த நேரத்தில் உடலுக்குள் நிகழ்வதை அறிவியல் மிகப் பிந்தியே கண்டறிந்தது. மூளையின் நடுவே, பட்டாணி அளவுக்கும் சிறிதாக அமைந்த பினியல் என்னும் கூம்புச் சுரப்பியை, பதினேழாம் நூற்றாண்டில் தத்துவஞானி டெகார்ட் ஆன்மாவின் இருப்பிடமாகக் கருதினார். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் மாடுகளின் பினியல் சுரப்பிகளிலிருந்து மெலடோனின் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். இருளில் பெருகி ஒளியில் குறையும் இச்சுரப்புதான் உடலுக்கு இரவை அறிவிக்கிறது. அதன் உற்பத்தியை நிர்ணயிக்கும், ஆய்வாளர்கள் ‘ஏஏநாட்’ எனச் சுருக்கி வழங்கும் நொதிப்புரதத்தின் செயல்பாடு, எலியின் சுரப்பியில் இரவில் பன்மடங்கு உயர்வதை டேவிட் கிளைனும் ஜோன் வெல்லரும் 1970இல் காட்டினர்.

மனிதரிடம் இந்த ஏற்பாடு எலியிலிருந்து வேறுபடுகிறது. எலியின் சுரப்பியில் இரவு வந்ததும் மரபணுவின் செய்திப்படியே நூறு மடங்குக்கு மேல் எழுதப்படுகிறது. மனிதனிலும் மற்றக் குரங்கினங்களிலும் செய்திப்படி பகலிலும் பெரிதாகக் குறைவதில்லை. புரதம் தங்குமா, அழியுமா என்பதிலேதான் இரவுபகல் வேறுபாடு தீர்மானமாகிறது. இருட்டில் நரம்பு முனைகள் நோர்அட்ரினலினை வெளியிட, நொதியின்மேல் பாஸ்பேட் குறி ஏறுகிறது. அக்குறியை அடையாளங்கொண்டு 14-3-3 என்ற எண்பெயருடைய காப்புப்புரதம் அதைப் பற்றிக்கொள்ள, நொதி சிதையாமல் வேலை செய்கிறது. கண்ணில் ஒளி பட்டதும் நரம்புச் செய்தி நின்று, குறி நீங்கி, உயிரணுவின் கழிவகற்றும் அமைப்பு சில நிமிடங்களில் நொதியை நொறுக்கிவிடுகிறது.

லயத்து வீட்டின் மண்ணெண்ணெய் விளக்குக்கும், பால்வெட்டுவோர் தலையில் கட்டிய கார்பைடு விளக்குக்கும் இந்தத் தொடரை முழுமையாக அறுக்கும் வலிமை இருந்திருக்க முடியாது. 1980இல் ஆல்ஃபிரட் லூயி மனிதரின் மெலடோனினை அடக்கிக் காட்டியபோது அவருக்குச் சாதாரண அறை விளக்கைப் பல மடங்கு விஞ்சிய வெளிச்சம் தேவைப்பட்டது. ஆகவே, பெரட்டில் நின்றவர்களின் கால்கள் வேலைக்குப் புறப்பட்டிருந்தாலும், உடலின் வேதியியல் இரவிலேயே இருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

இதற்கிடையே அரசின் கடிகாரமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பேராக்கின் தலைநகரான ஈப்போவின் தீர்க்கரேகைக்குரிய இயற்கை நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 6 மணி 44 நிமிடம் முந்தியது. 1905இல் மலாயா 7 மணி நேர முந்தலை ஏற்றது. 1933இல் அதனுடன் 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. ஜப்பானிய ஆட்சி 1942 பிப்ரவரியில் தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது, முன்பு ஆறு மணி என்றிருந்த விடியல் ஏழரை மணியாகியது. போர் முடிந்ததும் பழைய 7 மணி 30 நிமிடம் திரும்பியது; 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்பம் 8 மணி முந்தலுக்கு வந்தது. பூமத்தியரேகைக்கு அருகே கிடக்கும் பேராக்கில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அரை மணியளவே வேறுபடுவதால், இவ்வளவு மாற்றத்துக்கிடையிலும் சுரப்பிக்குக் கிடைத்த ஒளி மட்டும் ஏறத்தாழ மாறாமல் இருந்தது.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரவு ஊரடங்கு அமலான இடங்களில் இருட்டில் மரத்தடிக்குப் போவதே குற்றமாகியது. அதே மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கிலோ, வெள்ளீயம் அள்ளும் மிதவை எந்திரங்கள் இரவும் பகலும் முறைவைத்து ஓடின. பிற்காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறவும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயரவும், அடுத்த தலைமுறைக்குத் தொழிற்சாலைகளின் இரவுமுறை வேலை வந்து சேர்ந்தது. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வைத்து, 2019இல் அதை உறுதிசெய்தது. விடியற்காலைப் பால்வெட்டு அந்த வரையறைக்குள் நேராக அடங்காது. ஆனால் பல்லாண்டு தொடர்ந்த குறுந்தூக்கத்தை வெறும் பழக்கம் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது.

தோட்ட வரலாறு எழுதுவோர் கூலி, வேலைநிறுத்தம், கோயில், பள்ளி ஆகியவற்றை அக்கறையோடு பதிந்திருக்கிறார்கள். பெரட்டுக்கு எழுந்த முதியவர்கள் இன்னும் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழ்கிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எப்போது எழுந்தார்கள், பகலில் கண்ணயர இடமிருந்ததா என்பதையும், குறிப்பாகப் பெண்களிடம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.