மூத்தாளைக் கூப்பிட்டால்: ஒரு பேய்க் காமெடியின் இரண்டு முடிவுகள்

பேய்க் காமெடி என்றால் கடைசிக் கால்மணி நேரம் நமக்குப் பார்க்காமலே தெரியும். பூசாரி வருவார், எலுமிச்சம்பழம் உருளும், பேய் போய்விடும். 1945-ல் இங்கிலாந்தில் டேவிட் லீன் எடுத்த ‘பிளைத் ஸ்பிரிட்’ அப்படி முடியவில்லை.

கதை இதுதான். சார்லஸ் ஒரு எழுத்தாளர். நாவலுக்கு விஷயம் தேடி, ஆவிகளோடு பேசும் ஒரு அம்மாவை வீட்டுக்கு அழைக்கிறார். வந்து நின்றதோ ஏழு வருஷம் முன்னே செத்துப்போன முதல் மனைவி எல்விரா. உடம்பெல்லாம் வெளிர்பச்சை. சார்லஸ் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள். புருஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறாள் இரண்டாம் மனைவி ரூத். அவரைத் தன்னோடு கூட்டிப்போக எல்விரா காரைக் கெடுத்துவைக்க, அதை ஓட்டிப்போய்ச் செத்தது ரூத். ஆக, வீட்டில் இப்போது இரண்டு பேய்!

மூலம் நோயல் கவர்ட் எழுதிய நாடகம். 1941 ஜூலையில், ஜெர்மன் குண்டுவீச்சில் இடிந்து கிடந்த லண்டனில் அரங்கேறி 1,997 காட்சிகள் ஓடியது. நாடகத்தில் சார்லஸ் தப்பிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாமல் போன இரு மனைவிகளையும் வாய்க்கு வந்தபடி கேலி செய்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பின்னால் சாமான்கள் விழுந்து நொறுங்குகின்றன. லீன் அதோடு விடவில்லை. படத்தில் சார்லஸ் காரில் ஏறுகிறார், பாலத்தில் விபத்து, அடுத்த கணம் அவரும் ஆவியாக மனைவிகளோடு உட்கார்ந்திருக்கிறார். கவர்டுக்கு இந்த மாற்றம் பிடிக்கவே இல்லை.

எனக்கு லீன் பக்கம்தான் மனசு சாய்கிறது. காரணம் எங்க ஊர்ப் பழக்கமாக இருக்கலாம். பாகூர், வில்லியனூர் பக்கத்திலும் விழுப்புரம், கடலூர் கிராமங்களிலும் பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னே பூவாடைக்காரியைக் கும்பிடுவார்கள். கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. பம்பை, உடுக்கையோடு குளத்தங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், கரகம் ஜோடித்து, பாட்டுப் பாடி அவளை அழைப்பார்கள். குடும்பத்தில் யார் மேலாவது அருள் வரும். ‘என்னம்மா குறை உனக்கு?’ என்று பம்பைக்காரர் கேட்பார். அவள் அழுவாள், சில சமயம் திட்டவும் செய்வாள். சம்மதம் வாங்கிய பிறகுதான் கரகம் வீட்டுக்கு வரும். புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தாளுக்குப் புடவை வைத்துக் கும்பிடுவதும் உண்டு.

இங்கேயும் அங்கேயும் செத்தவளைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் சார்லஸ் கூப்பிட்டது நாவலுக்காக. வந்தவளைத் திருப்பி அனுப்ப என்னென்னவோ மந்திரம், தந்திரம் நடக்கிறது. ஏழு வருஷம் கழித்து வந்தவளுக்கு என்ன குறை என்று கேட்க அந்த வீட்டில் ஒரு பம்பைக்காரர் இல்லை. கவர்டின் சார்லஸ் சிரித்துக்கொண்டே வெளியே போவது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. லீனின் சார்லஸ் பாலத்தில் உட்கார்ந்தாக வேண்டும், இரண்டு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டு.